நாற்பது பிள்ளைக்கும் வேலை இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுமையாகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. வேடம் போட்டு வரலாறு நடத்துபவர், பாட்டாலே வாய்ப்பாடு சொல்லித் தருபவர், பொம்மலாட்டத்தில் கதை சொல்பவர் என்று படத்துடன் போடுகிறீர்கள். அரசுப் பள்ளியைப் பற்றி நல்ல செய்தி வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படங்களை உற்றுப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் வேலை செய்வது ஆசிரியர் ஒருவரே. பிள்ளைகள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அடுத்த வாரம் அதே பாடத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தால் பாதிப் பேருக்கு வராது. கணக்கோடு மல்லுக்கட்டியவர் ஆசிரியர், பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் அந்த 45 நிமிடமும் வேலை இருக்கவில்லை.

வகுப்பறைப் புதுமையை அளக்க எங்களுக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். ஒரு பாடவேளையில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் தானே யோசித்தது, பேசியது, எழுதியது, தப்பாகச் செய்து திருத்திக்கொண்டது? இதை மனத்தில் வைத்து, கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றை, எங்கே சொதப்பும் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். இடம் கொடுத்து வெளியிட வேண்டுகிறோம்.

முதலில் கேள்வி கேட்பது. இதற்கு எந்தப் பொருளும் வேண்டாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் பத்துக் கேள்வி கேட்டால் ஏழெட்டுக்கு முன் பெஞ்சு நான்கு பேரே பதில் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கேட்டதாகப் பேர். இதில் பெரிய கோளாறு அவசரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்வோர் கூடினர், வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கத்தான் சின்னது. நின்று பார்த்தால் மௌனம் கனக்கும். மேசைக்குக் கீழே மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கிப் பழகிக்கொள்ளலாம்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு இரண்டு. காத்திருக்கும் நேரத்தில் கேள்வியையே வேறு வார்த்தையில் திரும்பக் கேட்பது ஒன்று. யோசித்துக்கொண்டிருந்த பிள்ளை யோசனையை விட்டுவிட்டு மறுபடி கேட்கத் தொடங்கிவிடும். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வியைப் பிறகு கேட்பது மற்றொன்று. ‘கவிதா, நீ சொல்லு’ என்ற உடனே மிச்சம் 39 பேரும் விடுதலை. கேள்வி முதலில், மௌனம் அடுத்து, பெயர் கடைசியில். பெயரை எடுக்க ஐஸ் குச்சியில் வரிசை எண்ணை எழுதி ஒரு டப்பாவில் போட்டு உருவலாம். உருவிய குச்சியைத் திரும்ப டப்பாவுக்குள்ளேயே போட வேண்டும். வெளியே வைத்துவிட்டால் ஒரு தடவை பதில் சொன்ன பிள்ளை அன்றைக்குக் கடை சாத்திவிடும். ‘தெரியல மிஸ்’ என்று வந்தால் திட்ட வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு அதே பிள்ளையிடம் திரும்ப வந்து, ‘இப்ப நீ உன் வார்த்தையில சொல்லு’ என்றால் போதும்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை மட்டும் அடியோடு விட்டுவிடலாம். ‘புரிஞ்சுது சார்!’ என்று வகுப்பே ஒரே ராகத்தில் சொல்லும். அந்தச் சத்தத்தில் புரியாத பிள்ளையின் குரலும் கலந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்து எல்லோரையும் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். தொடக்க வகுப்பில் சிலேட்டு இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மேல் சிலேட்டு தூக்க வெட்கப்படுவார்கள். கண்ணாடிபோல் தெரியும் ஃபைல் உறைக்குள் ஒரு வெள்ளைத்தாளைச் செருகி, மார்க்கரால் எழுதித் துணியால் துடைத்தால் அதுவே பலகை. எழுதும்வரை கவிழ்த்து வைத்திருக்க வேண்டும், ‘தூக்கு’ என்றதும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். முந்திக்கொண்டு தூக்கினால் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதும். நாற்பது பலகையையும் கண்ணால் ஓட்ட 20 விநாடி ஆகும். யார் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும், பரீட்சைத் தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்தது கணக்கு. ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம்தான் பலருக்குக் கணக்கின் மேல் முதல் வெறுப்பை உண்டாக்குவது. ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்’ என்று மந்திரம்போல் மனப்பாடம் செய்துவிட்டு, கூட்டலிலும் அதையே போட்டு −3 −5 = +8 என்று எழுதுகிறார்கள். இதற்குப் புளியங்கொட்டை போதும். இரண்டு பேருக்கு 20 கொட்டை வேண்டும். நாற்பது பேர் வகுப்புக்கு 400 கொட்டை, அரைக் கிலோ இருந்தால் மிச்சமே வரும். சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். தாயக்கட்டம் ஆடும் வீடுகளில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்து இருபது இருபதாக ஜிப் உறையில் போட்டு வையுங்கள். ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடிக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை எளிதாகக் கிடைக்கிறதே என்று ஓட்டோடு இருக்கும் பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும். ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் எந்தச் சின்னக் கொட்டையும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு ஈர்க்குச்சிக் கட்டு.

வெள்ளைப் பக்கம் +1, கறுப்புப் பக்கம் −1. ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சேர்ந்தால் சுழி. அந்த ஜோடியை எடுத்துவிடலாம், வேண்டும்போது வைக்கவும் செய்யலாம். இதுதான் மொத்த விதி.

முதல் நாள் பத்துக் கொட்டையைக் குலுக்கிப் போட்டு, ஜோடிகளை நீக்கி, மிச்சம் என்ன என்று எழுத வேண்டும். ஆறு வெள்ளை நான்கு கறுப்பு விழுந்தால் +2. இப்படிப் பத்துத் தடவை. எத்தனை தடவை போட்டாலும் ஒற்றைப்படை எண் வருவதே இல்லை என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். ஏன் என்று நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. ஒன்பது கொட்டையால் போட்டுப் பார்க்கச் சொன்னால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் கழித்தல். −3 − (−5) என்று கரும்பலகையில் எழுதுங்கள். மூன்று கறுப்பை வைக்கிறார்கள். அதிலிருந்து ஐந்து கறுப்பை எடுக்க வேண்டும், இருப்பதோ மூன்று. இந்த இடத்தில் வகுப்பு திகைத்து நிற்கும். நிற்கட்டும், இரண்டு நிமிடமாவது நிற்கட்டும். சுழியைச் சேர்த்தால் மதிப்பு மாறாதே என்று ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு எட்டிவிட்டால் வகுப்பு முழுக்கப் பரவிவிடும். இரண்டு வெள்ளை–கறுப்பு ஜோடியைச் சேர்த்தால் இப்போது கறுப்பு ஐந்து, வெள்ளை இரண்டு. ஐந்து கறுப்பையும் எடுத்தால் மிஞ்சுவது இரண்டு வெள்ளை, +2. ‘குறை எண்ணைக் கழிப்பது அதன் எதிரெண்ணைக் கூட்டுவதற்குச் சமம்’ என்று புத்தகம் சொல்வது இதைத்தான். இதுபோல ஆறேழு கணக்கு ஆன பிறகு விதியைப் பிள்ளைகள் வாயால் வரவழைத்து எழுதினால் போதும்.

இங்கே ஆசிரியர் தடுமாறுவது அந்தத் திகைப்பைப் பொறுக்க முடியாமல்தான். முன்னால் நின்று பெரிய அட்டை வட்டங்களை வைத்துத் தாமே செய்து காட்டிவிடுவார். அப்படிச் செய்தால் அது மறுபடி வேடிக்கைதான். மூன்றாம் நாள் கொட்டையை வாங்கி வைத்துவிட்டு நோட்டில் வட்டம் போட்டுச் செய்ய வைக்க வேண்டும், நான்காம் நாள் வெறும் எண். கொட்டையிலேயே பத்து நாள் உட்கார்ந்திருந்தால் பரீட்சையில் கொட்டை இல்லாமல் கை ஓடாது. பெருக்கலுக்கு இந்தக் கொட்டையை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். (−1) × (−2) என்பதைக் கொட்டையில் காட்டப் போனால் விளக்கமே பெரிய குழப்பமாகிவிடும். அதற்குக் கரும்பலகையில் ஒரு வரிசை நல்லது: 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு படியிலும் இரண்டு இரண்டாகக் கூடிக்கொண்டே வருகிறது, அடுத்து என்ன என்று கேளுங்கள்.

தசமத்திலும் இப்படி ஒரு புதைகுழி உண்டு. 0.35, 0.5 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் ஏழாம் வகுப்பிலும் நிறையப் பேர் 0.35 என்பார்கள், 35 ஐந்தை விடப் பெரிதாம். இத்தகைய கேள்விக்கு ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாசூர் 1990களில் பரப்பிய முறை நம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, முதல் எண் என்றால் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு விரல், நெஞ்சுக்கு நேரே காட்ட வேண்டும். நாற்பதில் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் குறைவாகச் சரி என்றால் பாடத்தைத் திரும்ப நடத்துங்கள். முப்பது பேர் சரி என்றால் மேலே போகலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் விடையைச் சொல்லாமல், ‘வேறு விடை காட்டிய ஒருவரைப் பிடித்து இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள்’ என்று விட்டுவிட்டு மறுபடி விரல் கேளுங்கள். முதல் தடவை எண்ணியதும் எந்த விடைக்கு எத்தனை பேர் என்பதைக் கரும்பலகையில் எழுதிவிடக் கூடாது. எழுதினால் பிள்ளைகள் யோசிக்காமல் கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஆசிரியரின் முகமும் விடை சொல்லிவிடும், கவனம் வேண்டும். முடிவில் ஒரு தையல் டேப்பை எடுத்து 0.5 மீட்டர் 50 செ.மீ., 0.35 மீட்டர் 35 செ.மீ. என்று தொட்டுக் காட்டச் சொன்னால் பேச்சு முடிந்தது.

அறிவியலில் சோதனை செய்து காட்டுவது பரவியிருக்கிறது, நல்லது. ஆனால் ‘இப்ப பாருங்க, சிவப்பா மாறும்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு மஞ்சள் தாளைச் சோப்புத் தண்ணீரில் முக்குவதில் பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது? முதலில் கணித்து எழுத வேண்டும், பிறகு செய்ய வேண்டும், பிறகு ஏன் என்று பேச வேண்டும். மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டியைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி, நிழலில் உலர்த்தி, விரலகலத்துக்கு வெட்டினால் ஒரு தாளில் வகுப்புக்கே வரும். சோப்பு, சுண்ணாம்பு, சலவைச் சோடா சிவக்க வைக்கும். எலுமிச்சை, புளித்தண்ணீரில் நிறம் மாறாது. அங்கேதான் ஆபத்து. ‘மாறாவிட்டால் அமிலம்’ என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். வெறும் தண்ணீரையும் ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தால்தான் மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும் என்பது தெரியும். அமிலத்தைப் பிடிக்கச் செம்பருத்திப் பூச்சாறு வேண்டும், அது அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும்.

எங்களைக் கேட்டால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் நிழல் அளப்பதைச் சொல்வோம். தினமும் நண்பகல் 12 மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் இருக்கும் என்று பிள்ளைகளும் நம்புகிறார்கள், பெரியவர்களும் நம்புகிறார்கள். கடலூருக்கு அது ஆண்டில் இரண்டே நாள்தான், ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும். ஏப்ரலில் பரீட்சை நெருக்கும். ஆகஸ்ட்தான் பள்ளிக்கு வாகானது, வடகிழக்குப் பருவமழைக்கும் அது முந்தியது.

30 செ.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை நேராக அறுத்து, சமமான தரையில் வெள்ளை அட்டையின் மேல் நிறுத்துங்கள். அட்டையில் வடக்கு தெற்கு குறித்திருக்க வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, குழாய் செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். ஒரு பாகை சாய்ந்தாலும் அரை செ.மீ. நிழல் பொய்யாக விழும். ஜூலை முதல் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் 11.55 முதல் 12.25 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியைப் புள்ளி வைத்து, மிகக் குட்டையான நிழலை அளந்து தேதியோடு எழுத வேண்டும். மற்ற பிள்ளைகளின் பாடம் கெடாது, ஆள் மாற்றி மாற்றி எல்லோருக்கும் முறை வரும். ஜூலை தொடக்கத்தில் நிழல் தெற்கே சுமார் 6 செ.மீ. இருக்கும். வாரா வாரம் குறுகும். ஆகஸ்ட் 22 வாக்கில் குழாயின் அடிக்குள்ளேயே மறைந்துவிடும். அதற்கு அடுத்த வாரம் வடக்குப் பக்கம் எட்டிப் பார்க்கும். செப்டம்பர் 23 வாக்கில் வடக்கே அதே 6 செ.மீ. தெற்கே விழுந்த நிழல் வடக்கே போனதைத் தன் கையால் புள்ளி வைத்துக் கண்ட பிள்ளைக்குத் தட்சிணாயனம் என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இதில் பலர் ஏமாறுவது நேரத்தில். சரியாக 12 மணிக்கு வகுப்பையே வெளியே கூட்டிப்போய் நிறுத்துவார்கள், கண்ணுக்குத் தெரிய நிழல் இருக்கும். ‘என்ன சார், நிழல் இருக்கே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைக்குரியது. கடலூர் இருப்பது ஏறக்குறைய 79¾ பாகையில். பாகைக்கு நான்கு நிமிடம் என்று 11 நிமிடம் நாம் பின்தங்குகிறோம், பூமியின் ஓட்ட வேறுபாட்டால் ஆகஸ்ட் கடைசியில் இன்னும் மூன்று நிமிடம் சேரும். ஆக உச்சி வருவது 12.14க்கு. ஏப்ரல் 21க்கு 12.10. தேதி ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆனால் 30 செ.மீ. குழாயின் நிழல் அரை செ.மீ.கூட வளராது. நேரம் பத்து நிமிடம் தவறினால் 1.3 செ.மீ. வந்துவிடும். அன்றைக்கு மேகம் மூடினாலும் கவலையில்லை, மறுநாள் அதே நேரத்தில் வையுங்கள். தீர்க்கக்கோடு, திட்ட நேரம் என்று சமூக அறிவியலில் வெறும் வார்த்தையாக இருந்தது அந்தப் பதினான்கு நிமிடத்தில் பொருளாகிவிடும்.

மொழி வகுப்புக்கு ஒன்று. லகர ளகர ழகரமும், ரகர றகரமும் பத்தாம் வகுப்பு வரை விடாமல் துரத்துகின்றன. ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவதற்குப் பதில், ஆறு வரிப் பத்தி ஒன்றை வராந்தாச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். பிச்சாவரத்துச் சுரபுன்னை பற்றி இருக்கலாம், வீராணம் ஏரி பற்றி இருக்கலாம், ழகரமும் றகரமும் மண்டிக்கிடக்க வேண்டும், அவ்வளவுதான். இருவரில் ஒருவர் போய்ப் படித்து, நினைவில் வைத்து, திரும்பி வந்து சொல்ல வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். மூன்று வரி முடிந்ததும் ஆள் மாறும். ‘பழத்துக்கு வர்ற ழவா?’ என்று அவர்களுக்குள்ளேயே சண்டை நடக்கும், அந்தச் சண்டைதான் பாடம். இருபது ஜோடிக்கு நான்கு பிரதியாவது ஒட்டாவிட்டால் சுவரடியில் தள்ளுமுள்ளு. பெஞ்சுகளுக்கு நடுவில் ஓட விடாதீர்கள், நடந்தால் போதும். தூரத்திலிருந்து கத்திச் சொல்பவர்களுக்கு ஒரு வரி குறைத்துவிடலாம்.

குழுவாகப் படிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமூக அறிவியலில் பேரிடர் மேலாண்மைப் பாடத்தை ஐந்து துண்டாகப் பிரிக்கலாம்: புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலநடுக்கம், தீ. நாற்பது பேரை ஐந்து ஐந்தாக எட்டு வீட்டுக் குழுவாக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டை வைத்திருக்கும் எட்டுப் பேரும் கூடிப் பேச வேண்டும். எட்டு என்பது பெரிய கூட்டம், மூன்று பேர் பேச ஐந்து பேர் கேட்பார்கள். ஆகவே நான்கு நான்கு பேர் கொண்ட துறைக்குழுக்களாக உடையுங்கள். பிறகு அவரவர் வீட்டுக்குத் திரும்பி, ஆளுக்கு நான்கு நிமிடம், மற்ற நால்வருக்கும் சொல்லித் தர வேண்டும். கடைசியில் ஐந்து துண்டிலிருந்தும் கேள்வி வைத்துத் தனித்தனியாகச் சிறு தேர்வு. குழு மதிப்பெண் போட்டால் ஒருவர் உழைப்பில் நால்வர் குளிர்காய்வார்கள். ஒரே பாடவேளையில் இது முடியாது. முதல் வேளை படிக்கவும் துறைக்குழுவில் பேசவும், அடுத்தது சொல்லித் தரவும் தேர்வுக்கும். துறைக்குழுவில் ஆசிரியர் சுற்றி வந்து காது கொடுக்காவிட்டால் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு பிள்ளை அந்தத் தப்பை ஒரு வீட்டுக்கே சொல்லிக் கொடுத்துவிடும்.

இதை எலியட் ஆரன்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உருவாக்கியது வெறும் பாடத்துக்காக இல்லை. கறுப்பின, வெள்ளையின, ஸ்பானிய வழிப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்ததும் வகுப்புக்குள் பகை மூண்டது, ஒருவர் கையில் இருக்கும் துண்டு இன்னொருவருக்குத் தேவைப்பட்டால்தான் ஒருவர் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று செய்தார். நம் வகுப்பிலும் ஊர்த்தெரு, காலனி என்று பிள்ளைகள் தாமாகவே பிரிந்து உட்காருவதைப் பார்க்காத ஆசிரியர் இல்லை. ‘உங்களுக்குப் பிடித்தவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்’ என்றால் அந்தப் பிரிவினைக்கு நாமே முத்திரை குத்தியதாகும். குழுவைக் குலுக்கல் முறையில் பிரியுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள், ஆணும் பெண்ணும் கலக்கட்டும். பெற்றோர் யாராவது வந்து கேட்டால் தலைமை ஆசிரியர் உறுதியாக நிற்க வேண்டும். இன்னொன்று: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2011 டிசம்பர் 30 தானே புயலும் இங்கே பல வீடுகளின் சொந்தத் துக்கம். ‘உங்க வீட்ல என்ன ஆச்சு, சொல்லு’ என்று தேவனாம்பட்டினத்துப் பிள்ளையை வகுப்பு முன்னால் எழுப்பக் கூடாது. தானாகச் சொல்ல வந்தால் மட்டும் கேளுங்கள்.

புதிய முறைகள் நம் ஊருக்குப் புதிதல்ல. 2007–08இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. படிப்படியாகக் கற்க ஓர் ஏணி, அதன் படிகளுக்கு அட்டை, தரையில் பாய், பிள்ளைக்கு எட்டும் தாழ்வான கரும்பலகை. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தோம். எண்ணம் இரண்டிலும் நல்லதுதான். ஆனால் தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை வராத பள்ளியில் ஏணியின் நடுப்படி உடைந்து போகிறது. அரும்பில் வைத்த பிள்ளையை ஆண்டு முழுக்க அரும்பிலேயே வைத்தால் ‘நான் அரும்பு’ என்று அதுவே தன்னைப் பற்றி நம்பிவிடும். கணக்கில் அரும்பாக இருப்பவர் தமிழில் மலராக இருக்கலாம், பாடத்துக்குப் பாடம் இடம் மாற வேண்டும்.

இனி தலைமை ஆசிரியர்களிடமும் கல்வித் துறையிடமும் எங்கள் கோரிக்கைகள். வாரத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு பாடவேளையைச் சேர்த்துப் போடுங்கள். கால அட்டவணையைத் தலைமை ஆசிரியரே மாற்றலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கை வாசிக்கும் நேரத்தைக் குறைத்து, அடுத்த மாதம் எல்லோரும் நடத்தப்போகும் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, எந்தக் கேள்வி, எத்தனை நிமிடம், பிள்ளை எங்கே தடுமாறும் என்று உட்கார்ந்து தயாரிக்க விடுங்கள். செயல்பாட்டின் படத்தை உடனே அனுப்பு என்று கேட்பதை நிறுத்துங்கள். கையில் போனைப் பிடித்திருக்கும் ஆசிரியரால் பிள்ளைகள் பேசுவதைக் கேட்க முடியாது. ‘போர்ஷன் முடிச்சாச்சா?’ என்று கேட்கும் ஆய்வாளர்கள், வகுப்புக்குள் போய் ஏதாவது ஐந்து பிள்ளைகளிடம் இரண்டு கணக்கைக் கொடுத்தும் பார்க்கட்டும். பக்கத்து வகுப்பில் சத்தம் கேட்டால் சண்டையா பேச்சா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கண்டியுங்கள். சத்தத்தை அடக்க, ஆசிரியர் கையைத் தூக்கினால் பார்த்தவர் ஒவ்வொருவரும் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும் என்று ஒரு வாரம் பழக்கினால் பத்து விநாடியில் அடங்கும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். புளியங்கொட்டை நாளில் நோட்டில் ஒன்றும் எழுதியிருக்காது. ‘இன்னிக்கு எதுவும் நடத்தலையா?’ என்று பள்ளிக்கு வந்துவிடாதீர்கள். பிள்ளையிடம் பத்துக் கொட்டையைக் கொடுத்து, வகுப்பில் செய்ததை உங்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

தங்களிடம் கேட்பதும் உண்டு. புதுமை ஆசிரியர் பற்றிச் செய்தி போடும்போது எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடம், என்ன பொருள், எங்கே சரிவரவில்லை என்ற ஐந்தையும் சேர்த்துப் போட்டால் படிக்கும் இன்னொரு ஆசிரியர் மறுநாளே அதைச் செய்து பார்க்க முடியும். வரும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மாவட்டப் பக்கத்தின் ஒரு மூலையில் நிழல் மறையும் நாளை ஊர்வாரியாகப் போடுங்கள்: புதுச்சேரிக்கு 21 வாக்கில், கடலூருக்கு 22 வாக்கில், சிதம்பரத்துக்கு 23 வாக்கில், மூன்றுக்கும் நேரம் 12.14. குழாயும் கல் கட்டிய நூலும் 12 மணிக்கே வெளியே வந்துவிட வேண்டும் என்பதையும் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
கடலூர்.